அரிச்சல்முனையில் நான்காம் சிங்கம்

"நாணயத்தில் மூன்று சிங்கங்கள் இருக்கின்றன, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் உள்ள தேசியச் சின்னத் தூணைச் சுற்றி வந்தால் நான்கு இருக்கின்றனவே, எது சரி?" என்று தங்கச்சிமடத்து மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் சரிதான்.

சாரநாத்தில் 1904-05 அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2.1 மீட்டர் உயரமுள்ள அசோகர் தூணின் தலைப்பகுதியைத் தழுவிய நம் தேசியச் சின்னம் 1950 ஜனவரி 26 அன்று ஏற்கப்பட்டது. புத்தர் முதன்முதலில் அறம் உரைத்த இடம் சாரநாத் என்பதால்தான் அதில் அறச்சக்கரம் இடம்பெற்றது. இவை பாடநூலில் உள்ளவை. பாடநூல் தொடாதது வடிவியல்.

ஓர் எவர்சில்வர் டம்ளரைச் சுற்றிச் சம இடைவெளியில் நான்கு ஒட்டுப்பொட்டுகளை ஒட்டி, கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். நேரெதிரில் உள்ள பொட்டு வட்டமாகத் தெரியும். இரு விளிம்புகளிலும் உள்ளவை வெறும் கோடுகளாக ஒடுங்கிவிடும். நான்காவது, டம்ளருக்குப் பின்னே போய்விடும். ஆனால் சிங்கங்கள் பொட்டுகளைப் போலத் தட்டையானவையல்ல, வெளியே துருத்தி நிற்பவை. ஆகவே விளிம்பிலுள்ள இரண்டும் ஒடுங்காமல் பக்கவாட்டு முகம் காட்டுகின்றன. டம்ளரை 45 பாகை திருப்பினால் இன்னும் வேடிக்கை: பின்னிரண்டும் முன்னிரண்டுக்கு நேர் பின்னே மறைவதால், தூணில் அந்தக் கோணத்தில் நிற்பவருக்கு இரண்டு சிங்கங்களே தெரியும். முனையின் இருபுறமும் உள்ள கடல்களில் ஆண்கடல் பக்கம் நின்றாலும் பெண்கடல் பக்கம் நின்றாலும், நின்ற இடத்திலிருந்து நான்கு முகங்களையும் ஒருசேரக் காண முடியாது.

நான்காம் சிங்கம் ஏதோ இரகசியத்தைக் காக்கிறது என்று ஒருவர் தம் குடும்பத்தாருக்கு அத்தூணடியில் விளக்கிக்கொண்டிருந்ததை ஒருமுறை கேட்டேன். நான்கு எட்டு நடந்தால் தீரும் ஐயத்துக்கு மறைபொருள் எதற்கு? இதற்கு ஆய்வுநிதிகூட வேண்டாம். மாதிரி செய்து பார்க்க, பள்ளிக்கு ஒரு களிமண் உருண்டை போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது சிங்கங்களுக்குக் கீழுள்ள வட்டப் பீடம். அதில் நான்கு சக்கரங்களும் நான்கு விலங்குகளும் 45 பாகைக்கு ஒன்றாக மாறி மாறி அமைந்துள்ளன. சக்கரம் நடுவில் வரும்படி பார்த்தால், வலப்பக்கம் காளையும் இடப்பக்கம் குதிரையும் சற்றே ஒடுங்கித் தெரியும். யானையும் பீடத்துச் சிங்கமும் பின்புறம் மறைந்துவிடும். கடவுச்சீட்டின் அட்டையில் பீடத்தின் இரு கோடிகளையும் உற்றுப் பாருங்கள். அங்கே மெல்லிய புடைப்பாகத் தெரிபவை அலங்கார விளிம்புகளல்ல. 24 ஆரங்கள் கொண்ட முழுச் சக்கரங்கள், நம் பார்வைக்குப் பக்கவாட்டில் நிற்கின்றன.