நெமடோடு: நூற்புழுவும் அதன் முட்டைக்கூடும்

நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு நெமடோடு என்ற பேர் பழகிப்போனதுதான், ஆனால் அதைப் பூச்சி என்று நினைத்து இலைமேல் மருந்தடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது பூச்சியே இல்லை. மண்ணுக்குள் இருந்துகொண்டு வேரை உறிஞ்சும் மிக நுண்ணிய புழு. கிரேக்கத்தில் ‘நேமா’ என்றால் நூல். அதை வைத்துத்தான் 1808இல் ருடால்ஃபி என்ற அறிஞர் இந்தப் புழுக்கூட்டத்துக்குப் பேர் வைத்தார். தமிழில் நூல் + புழு, நூற்புழு. பள்ளி விலங்கியலில் உருளைப்புழு என்று இருக்கும். அங்கே சரி, ஆனால் கிழங்குத் தோட்டத்தில் போய் உருளைப்புழு என்றால் உருளைக்கிழங்கைக் குடைகிற புழு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மலையில் நம்மைப் படுத்துவது இதில் ஒரு வகை, சிஸ்ட் நெமடோடு. ‘சிஸ்ட்’ என்றதும் மருத்துவத்தில் சொல்லும் நீர்க்கட்டியைத் தூக்கிவந்து இங்கே ஒட்டக் கூடாது, இதில் நீரும் இல்லை கட்டியும் இல்லை. வேரில் ஒட்டியிருக்கும் பெண் புழு உருண்டையாக உப்பி, முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போகும். அதன் தோலே தடித்துப் பழுப்பாகி, கடுகைவிடச் சின்னக் கூடாகிவிடும், உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. அதனால் ‘முட்டைக்கூட்டு நூற்புழு’ என்பதே பொருத்தம். பழுப்பாவதற்கு முன் பொன்மஞ்சளாக இருக்கும் இனத்தைத் தங்க நூற்புழு என்றும் சொல்லலாம். கூடு என்று சொன்னால்தான் ஆபத்து எங்கே என்று புரியும்: இது 20 வருஷத்துக்கு மேல்கூட மண்ணில் உயிரோடு கிடந்து, உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டதும் பொரிக்கும்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து கிழங்கோடு உலகம் சுற்றிய இந்தப் புழு, இந்தியாவில் முதன்முதலாக 1961இல் ஊட்டியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் கொடைக்கானலிலும். 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தமிழக அரசு தடை போட்டது.

இந்தப் புழுவைத் தாங்கும் எதிர்ப்புள்ள உருளைக்கிழங்கு ரகம் உண்டு, 1985இல் வந்த குஃப்ரி ஸ்வர்ணா. கேரட், முட்டைக்கோஸ், பூண்டு என்று மாற்றிப் போட்டால் மண்ணில் கூடுகள் குறையும். தக்காளியையும் கத்தரியையும் மாற்றுப் பயிர் என்று நினைத்துவிடாதீர்கள், அவற்றின் வேரிலும் இது பெருகும். மண் ஒட்டிய மண்வெட்டி, சாக்கு, பூட்ஸ் எதையும் கழுவாமல் அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், கூடு அந்த மண்ணில்தான் இருக்கிறது.