சுங்கச்சாவடியும் சுற்றுவழியும்

ஆனி, ஆடி மாதங்களில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வந்தால் பனையோலைகள் ஓயாமல் சடசடப்பதைக் கேட்கலாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த இடம் பாலக்காட்டுக் கணவாய். அரபிக்கடலின் மேல்காற்று அதன் வழியாகத்தான் எங்கள் வயல்களுக்குள் நுழைகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கப்பல்களைச் சேரர்களின் மேற்குக் கரைத் துறைமுகமான முசிறியில் கொண்டுவந்து சேர்த்ததும் இதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். செங்கடல் வாயிலில் இருந்த ஒகேலிஸிலிருந்து முசிறிக்கு 40 நாள் பயணம் என்று ரோமானிய அறிஞர் பிளினி கணக்குச் சொல்கிறார். மார்கழி, தையில் காற்று திசை மாறியதும் மிளகை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

மேற்குக் கரைச் சரக்கு கிழக்குக் கரைக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. கடல்வழியாகப் போனால், ராமேஸ்வரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே ஆழம் போதாது என்பதால் பெரிய கப்பல்கள் இலங்கையையே சுற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் புயல் பயமும் உண்டு. தரைவழியில் அந்தத் தொல்லை இல்லை. கணவாயின் சரிவு பொதிமாடுகள் மூச்சு வாங்காமல் ஏறக்கூடியது. கடந்தவுடன் நொய்யல்; நொய்யல் காவிரியில் சேரும்; காவிரிக் கரையோடு போனால் பூம்புகார்.

வணிகப்பாதையில் உட்கார்ந்திருக்கும் அரசு எவ்வளவு சுங்கம் கேட்கலாம்? சுற்றுவழியில் போனால் வணிகனுக்கு எவ்வளவு கூடுதல் செலவாகுமோ அதுவரை கேட்கலாம். அதற்கு மேல் ஒரு காசு கேட்டாலும் சரக்கு வேறு பக்கம் திரும்பிவிடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை தமிழக-கேரள எல்லையில் இருந்த வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். வரிசை நீளநீள, விவரம் தெரிந்த ஓட்டுநர்கள் கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வேறு எல்லைச் சாவடிகளுக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். காத்திருப்பும் ஒரு செலவுதான். ஒரு பேரரசின் கஜானாவும் இந்தக் கணக்கில்தான் நிறைகிறது, காலியாகிறது.

சேரர்களைப் பாருங்கள். மேற்கே முசிறி, கிழக்கே கரூர், இரண்டுக்கும் நடுவே கணவாய். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலை, பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடுகிறது. அங்கே செய்த அணிகலன்களைப் புகழ்கிறது. அகழாய்வில் கிடைத்தவையும் அதற்குப் பொருந்துகின்றன: இரும்பு உருக்கிய உலைகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள், பல நிலைகளில் நின்றுபோன மணிகள். பட்டை தீட்டியது ஒன்று, மெருகேற்றியது ஒன்று, துளையிடும்போது உடைந்தது ஒன்று. பச்சைக்கல் காங்கேயத்துக்கு அருகே உள்ள படியூரிலிருந்து வந்தது. ரோமானியர் விரும்பி வாங்கிய கல் அது. மூலப்பொருளும் கைவினைஞரும் பாதையும் ஒரே நிலத்தில் அமைந்தன. கணவாய்க்கு இருபுறமும் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்திருப்பதில் வியப்பில்லை. மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யால், கிழக்கே கோவையை ஒட்டிய வெள்ளலூர். கரூரில் கிடைத்த மாக்கோதை என்ற பெயர் பொறித்த சேரக் காசில் மன்னனின் தலை இருக்கிறது. காசில் தலை பொறிக்கும் வழக்கத்தை ரோமானியக் காசுகளைக் கையாண்டு பழகியவர்களே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பாதையின் மறுமுனையில் இருந்தவர்களுக்கும் இது பெரும் வருமானம். இந்தியச் சரக்குக்கு ரோமானிய அரசு எகிப்தில் நான்கில் ஒரு பங்கை வரியாக எடுத்தது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஓலையில், முசிறியிலிருந்து போன ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது. மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டெர்ஸ் என்ற ரோமானியக் காசு. அதில் தந்தமும் கங்கைக்கரை சடாமாஞ்சில் என்ற நறுமண வேரும் இருந்தன. கங்கைச் சரக்கு முசிறியில் கப்பல் ஏறியிருக்கிறது என்றால், அது மிளகு விற்கும் துறை மட்டுமாக இருந்திருக்க முடியாது.

பாதை சாக இரண்டு வழிகள் உண்டு. மலிவான சுற்றுவழி திறந்துகொள்ளலாம். அல்லது கோடியில் இருக்கும் வாங்குபவரின் கை வறண்டுபோகலாம். முசிறிப் பாதைக்கு நேர்ந்தது பெரும்பாலும் இரண்டாவது. கி.பி. 64 வாக்கில் ரோமானியப் பேரரசர் நீரோ தன் காசில் வெள்ளியைக் குறைத்தார். அதற்குப் பிந்தைய ரோமானிய வெள்ளிக்காசுகள் நம் பக்கம் அரிதாகவே கிடைக்கின்றன. எடைபார்த்து வாங்கிய நம் வணிகர்கள் ஏமாறவில்லை. தங்கக்காசு தொடர்ந்து வந்தது. மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் உள்நாட்டுப் போரும் நாணயச் சீரழிவும் சேர்ந்துகொள்ள, வரத்து மெலிந்தது. கொடுமணலின் பட்டறைகளும் அதையொட்டி ஓய்ந்தன. சங்ககாலச் சேரர் மங்கியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் புலவருக்கும் படைவீரருக்கும் கொடுக்கப் பொன் வந்த வாசல் ஒன்று அடைபட்டது என்பதை ஒதுக்கிவிட்டு அவர்கள் கதையை எழுத முடியாது. நம் பாடப்புத்தகங்கள் போர்க்களங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியாவது சுங்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.

முதலாவது வகைச் சாவு 1498இல் தொடங்கியது. அதுவரை கோழிக்கோட்டு மிளகு செங்கடல் வழியாகப் போய், எகிப்தின் மம்லூக் சுல்தான்களுக்குச் சுங்கம் கட்டி, வெனிஸ் வணிகர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது நீளமான வழிதான்; ஆனால் நடுவில் சுங்கச்சாவடி இல்லை. 1509இல் டையூ கடற்போரில் மம்லூக் கப்பற்படை போர்த்துகீசியரிடம் தோற்றது. 1517இல் அவர்கள் நாட்டை உஸ்மானியத் துருக்கியர் பிடித்துக்கொண்டனர். இதோடு பழைய பாதை முடிந்தது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. செங்கடல் வாயை ஒட்டிய ஏடன் துறைமுகத்தைப் போர்த்துகீசியரால் பிடிக்க முடியவில்லை. செங்கடல் வாய் திறந்தே கிடந்ததால், 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மிளகு மறுபடி அலெக்சாந்திரியாவுக்கும் வெனிசுக்கும் தாராளமாகப் போனது. அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கப்பல் செலவை இன்னும் குறைத்த பிறகுதான் வெனிஸ் எழ முடியாமல் போனது.

கணவாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை கட்டினார். 1862இல் சென்னையிலிருந்து கோழிக்கோட்டை ஒட்டிய பேப்பூர் வரை ரயில் ஓடியபோது, தண்டவாளமும் இந்த வழியாகவே வந்தது.

செங்கடல் கணக்கு இன்னும் முடியவில்லை. 2023 இறுதியில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பெரிய நிறுவனங்கள் வாஸ்கோ ட காமாவின் வழிக்கே திரும்பின. முன்பு சுங்கம் விரட்டியது, இப்போது ஏவுகணை விரட்டியது. எகிப்துக்குச் சூயஸ் கால்வாயில் 2023இல் வந்த வருமானம் சுமார் 1,000 கோடி டாலர். 2024இல் அது சுமார் 400 கோடியாகச் சரிந்தது. கொடுமணலுக்கு மேற்கே அதே நொய்யல் கரையில் இருக்கும் திருப்பூரின் பனியன் பெட்டிகள் ஐரோப்பா போய்ச்சேரப் பத்து நாளுக்கு மேல் கூடுதலாக ஆயின. அதற்கான கப்பல் வாடகை அவற்றின் விலையில் ஏறியது.