சால்வ் பட்டனை அழுத்தும் முன்

மார்ச் பிறந்தால் போதும், மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு புராஜெக்ட் ஜுரம் வந்துவிடும். கப்பலூர் சிட்கோ பட்டறைகளுக்கு டிசைன் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், “ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார்” என்று சிலர் அறிக்கையோடு வருவார்கள். அதில் கட்டாயம் ஃபினைட் எலிமென்ட் மென்பொருள் போட்டுக் கொடுத்த ஒரு வண்ணப் படம் இருக்கும், நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும். சிவப்பு இடத்தில் தகைவு (ஒரு சதுர மி.மீ. தாங்கும் உள்விசை) எவ்வளவு என்றால் நான்கு தசம இடத்தோடு பதில் வரும். “கையால போட்டா எவ்வளவு வரும்?” என்று கேட்டால் பக்கத்தில் நிற்கும் நண்பனைப் பார்ப்பார்கள்.

ஃபினைட் எலிமென்ட் முறையின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். 1950-களில் விமான இறக்கையின் விறைப்பைக் கணக்கிடப் பிறந்த வேலை அது. 1960-இல் பொறியாளர் கிளஃப் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. பொருளைச் சிறு சிறு உறுப்புகளாக வெட்டி, அவை சேரும் புள்ளிகளான நோடுகள் எவ்வளவு நகர்கின்றன என்று ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கிறது. கவனியுங்கள், அது நேரடியாகக் கண்டுபிடிப்பது நகர்வை மட்டும்தான். தகைவு அந்த நகர்வின் சரிவிலிருந்து, அதாவது இடத்துக்கு இடம் அது மாறும் அளவிலிருந்து, பிறகு எடுக்கப்படுவது. அதனால் நகர்வு சரியாக வந்த பிறகும் தகைவு தப்பாக இருக்கலாம். பாடத்தில் இருக்கிறது, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பட்டறையில் எங்கும் கிடக்கும் இரும்புப் பட்டை: 50 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன். அதைப் படுக்கை வாக்கில் ஒரு தூணில் வெல்டு வைத்து, 200 மி.மீ. தள்ளி மறுமுனையில் 500 நியூட்டன் தொங்கவிடுகிறோம். ஏறக்குறைய ஒரு சிமெண்ட் மூட்டை. வெல்டு பக்கம் வளைவுத் திருப்புத்திறன் 500 × 200 = 1,00,000 நியூட்டன் மி.மீ. அதை 833-ஆல் (அகலம் × தடிமன்² ÷ 6) வகுத்தால் தகைவு 120 மெகாபாஸ்கல். எஃகின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் 2 லட்சம் மெகாபாஸ்கல் என்று வைத்தால் முனை 1.6 மி.மீ. இறங்கும். இதற்குச் சிட்டைத் தாளின் பின்பக்கம் போதும்.

இப்போது இதையே மென்பொருளில் போடுங்கள். தடிமனில் ஒரே ஒரு அடுக்கு நான்கு நோடு டெட்ரா (நான்முகி வடிவ உறுப்பு) மெஷ், அதாவது உறுப்பு வலை, போட்டால் முனை 1.6-ஐவிட நன்றாகக் குறைவாகவே இறங்கும். பட்டை பலமாக இருப்பதால் அல்ல, அந்த உறுப்புக்கு வளையத் தெரியாது. பத்து நோடு டெட்ராவுக்கு மாற்றினால் 1.6 பக்கத்தில் வந்துவிடும். பட்டையின் நடுவில் தகைவு 60 என்று கையால் வரும், மென்பொருளும் 60 என்றே சொல்லும். சரி, இதுவரை சுபம்.

வம்பு வெல்டு முனையில்தான். அங்கே 120 வர வேண்டும், ஆனால் அந்த முகத்தை முழுக்க ஃபிக்ஸ் செய்திருப்போம். பட்டை நீளும்போது பக்கவாட்டில் சுருங்கப் பார்க்கும், நாம் விடவில்லை. அதன் விளைவாக ஓரத்தில் தகைவு ஏறும். மெஷ்ஷைப் பொடியாக்கினால் இன்னும் ஏறும். இன்னும் பொடியாக்கினால் இன்னும் ஏறும். முடிவே கிடையாது, கணிதப்படி அங்கே இருப்பது முடிவிலி. கூரான உள்மூலை எங்கே இருந்தாலும் இதே கதைதான். இந்த இடத்து எண்ணை எடுத்து, அதால் 250-ஐ (சாதாரண எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு, மெகாபாஸ்கலில்) வகுத்து, ‘பாதுகாப்புக் காரணி இவ்வளவு’ என்று எழுதியிருப்பார்கள். 250-க்கு மேல் போய்விட்டால் அடுத்த வாரம் மெஷ்ஷைப் பெரிதாக்கி 250-க்குக் கீழே கொண்டு வந்துவிடுவார்கள். என்னிடம் கேட்டால், எண் தப்பாக இருப்பதைவிட இந்தப் பழக்கம்தான் ஆபத்து.

வெல்டு ஓரத்தில் படிக்கும் எண்ணை நம்பக் கூடாது என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் களைப்பு முறிவுக் கணக்கில் வெல்டு விளிம்பிலிருந்து தடிமனின் 0.4 மடங்கிலும் 1 மடங்கிலும் தகைவைப் படித்து, அந்த இரண்டையும் விளிம்பு வரை நேர்கோட்டில் நீட்டுகிறோம். நம் பட்டையில் அது 4 மி.மீ., 10 மி.மீ.

அலகுச் சிக்கல் சுருக்கமாக. மி.மீ., நியூட்டன், மெகாபாஸ்கலில் வேலை செய்தால் எஃகின் அடர்த்தி ஒரு கன மி.மீ.க்கு 7.85e-9 (7.85 × 10⁻⁹) டன், கிலோ–மீட்டர் கணக்கின் 7850 அல்ல. சரிபார்க்க, சுய எடையை மட்டும் கொடுத்து ஓட்டி எதிர்விசையைப் பாருங்கள். நம் பட்டைக்கு 7.7 நியூட்டன் வர வேண்டும்.

மாணவர் புராஜெக்டில் தப்பு வந்தால் மதிப்பெண் போகும். நார்வேயில் 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்லெய்ப்னர் ஏ என்ற கடல் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போதே மூழ்கிப்போனது. மூன்று அறைகள் சேரும் சுவரில், மோசமான வடிவ உறுப்புகளும் போதாத மெஷ்ஷும் சேர்ந்து வெட்டுத் தகைவை 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தன. கம்பி கட்டிய விதமும் அங்கே போதவில்லை. சுமார் 65 மீட்டர் நீர் அழுத்தத்தில் சுவர் உடைந்தது. பிறகு கவனமாகச் செய்த கணக்கு 62 மீட்டரில் உடையும் என்று சொன்னது. முறை ஒன்றுதான், கேட்ட விதம் வேறு.

நம்மூருக்கு இன்னொரு தனிப் பாடம் உண்டு: ரப்பர். வெள்ளரிப்பட்டி டயர் ஆலை முதல் புஷ், கேஸ்கெட் அடிக்கும் சின்னப் பட்டறைகள் வரை மதுரையில் ரப்பர் வேலை அதிகம். எஃகுக்குப் போட்ட பழக்கத்தில் ரப்பருக்கும் பாய்ஸான் விகிதம் (ν, நீளும்போது பக்கவாட்டில் சுருங்கும் விகிதம்) 0.49 என்று தட்டிவிடுகிறார்கள். 0.49-ஐ 0.499 ஆக்கினால் பருமக் குணகம் (பருமன் சுருங்குவதற்குக் காட்டும் எதிர்ப்பு) பத்து மடங்காகிறது, சூத்திரத்தின் அடியில் (1 − 2ν) உட்கார்ந்திருப்பதால். இழுக்கும் பட்டையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இரும்புக் குழாய்க்குள் அடைபட்ட புஷ்ஷில் விறைப்பே தலைகீழாகிவிடும். சாதாரண உறுப்புகள் வேறு இங்கே பூட்டிக்கொண்டு தேவைக்கு மேல் விறைப்பாகிவிடும், அழுத்தத்தைத் தனி மாறியாக வைக்கும் கலப்பு உறுப்பு வேண்டும். இழுவைச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து ரப்பரின் நடத்தையைச் சொல்லும் மூனி–ரிவ்லின் சூத்திரத்தின் மாறிலிகளைப் பொருத்திவிட்டு, அழுத்தத்திலும் வெட்டிலும் அது சரியாகப் பேசும் என்று எதிர்பார்ப்பது ஆராய்ச்சி மாணவர்களிடமும் இருக்கிறது. ஒரு சோதனையில் பொருத்துங்கள், பொருத்தாத இன்னொன்றை முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அப்போதுதான் அது ஆராய்ச்சி.

சோதனை என்றதும் கல்லூரி யுடிஎம் (மாதிரியை இழுத்துச் சோதிக்கும் இயந்திரம்) நினைவுக்கு வரும். அதன் குறுக்குத்தலை நகர்வை மாதிரியின் நீட்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடிகளும் சட்டமும் சேர்ந்து நகர்கின்றன. அதை வைத்து எஃகின் யங் குணகத்தைப் போட்டால் 2 லட்சத்துக்குப் பதில் சில பத்தாயிரங்களில் வந்து நிற்கும். மாதிரியின் மேலேயே மாட்டி நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் சாவி கேட்டு வாங்குங்கள்.

தொடங்குகிறவர்களுக்குக் காசு செலவு கிடையாது. கணக்கைத் தீர்க்கும் கால்குலிக்ஸ் மென்பொருள், அதற்கு முகப்பாக பிரீபோமேக்ஸ் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். ஃப்ரீகேட் என்ற வடிவமைப்பு மென்பொருள் தெரிந்தால் அதற்குள்ளேயே செய்யலாம். தமிழ் வழியில் படித்தவர்கள் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் பருப்பொருளின் பண்புகள் பாடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தகைவும் திரிபும் அங்கே இருக்கின்றன. முதலில் மேலே சொன்ன பட்டை. அடுத்தது நடுவில் சின்ன ஓட்டை போட்ட அகலமான தகடு. அதை இழுத்தால் ஓட்டை விளிம்பில் தகைவு மூன்று மடங்கு என்று பொறியாளர் கிர்ஷ் 1898-லேயே கணக்குப் போட்டுவிட்டார். மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க இங்கே எண் மூன்றின் பக்கத்தில் போய் நின்றுவிடும், கூரான மூலை போல ஏறிக்கொண்டே போகாது. ஏன் என்று புரிந்த பிறகு ரப்பருக்கு வாருங்கள்.