குறைத்துச் சாப்பிட்டால் சுகப்பிரசவமா?

எங்கள் தெரு அங்கன்வாடியில் போன மாதம் சமுதாய வளைகாப்பு நடந்தது. புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று பரிமாறிக்கொண்டிருந்தபோது ஏழு மாதக் கர்ப்பிணியின் மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். “நிறையச் சாப்பிட்டா குழந்தை பெருத்துடும், பிரசவம் கஷ்டம். கொஞ்சமா சாப்பிட்டா என்ன? குழந்தை தனக்கு வேண்டியதை அம்மா உடம்புலேர்ந்து எடுத்துக்காதா?”

கால்சியம் விஷயத்தில் அவர் சொல்வது ஓரளவு சரி. தாயின் எலும்பு கொடுக்கும். புரதத்தில் கதையே வேறு. அங்கே எவ்வளவு அனுப்புவது என்பதில் நஞ்சுக்கொடிக்குப் பெரிய பங்கு உண்டு.

பிரசவ சமயத்தில் அது அரைக் கிலோ இருக்கும். அதன் விரல் போன்ற நீட்சிகளையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 12 சதுர மீட்டர், ஒரு சிறிய அறையின் தரை அளவு. அத்தனையையும் போர்த்தியிருப்பது ஒரே ஒரு செல்! கோடிக்கணக்கான செல்கள் நடுச்சுவரைக் கரைத்துவிட்டு ஒன்றாகிவிட்டன. உட்கருக்கள் மட்டும் தனித்தனியாக மிதக்கின்றன. இப்படி ஒட்டவைக்கும் புரதத்தின் பெயர் சின்சிட்டின். எப்போதோ நம் குரங்கு முன்னோர்களைத் தொற்றிய ஒரு வைரஸ் விட்டுப்போன மரபணுவிலிருந்து அது வருகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆக்சிஜன் இந்தப் போர்வையைத் தானாகக் கடந்துவிடும். புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள் அப்படி இல்லை. தாயின் ரத்தத்தைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அவை அதிகம். மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவதுபோல பம்பு போட்டுத்தான் அனுப்ப வேண்டும். எத்தனை பம்பு ஓடட்டும் என்பதை முடிவுசெய்வதில் எம்டார் என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு. தாயின் ரத்தத்தில் உள்ள அமினோ அமிலம், இன்சுலின் எல்லாவற்றையும் அது கவனிக்கிறது. இருப்பு குறைந்தால், ரேஷன் கடைக்காரர் அளவைக் குறைப்பதுபோல, பம்புகளைக் குறைத்துவிடும். புரதம் குறைந்த தீனி தின்ற எலிகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். முதலில் பம்பு வேகம் குறைந்தது, அதன் பிறகுதான் குட்டிகள் சிறுத்தன.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். பிறந்த பிறகு வரும் வயிற்றுப்போக்கு, போதாத இணை உணவு என்று காரணங்கள் பல. ஆனால் உலக அளவில் இந்தக் குறையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கருவிலேயே தொடங்குகிறது என்பது ஒரு மதிப்பீடு. வேடிக்கை என்னவென்றால், அப்படிக் குள்ளமாகவே வளர்ந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பும் குறுகலாக இருக்க வாய்ப்பு உண்டு. மாமியார் பயந்த கஷ்டப் பிரசவம் பேத்தி தலைமுறையில் வந்து நிற்கும்.

அதற்காக இரண்டு ஆள் சாப்பாடு வேண்டாம். வழக்கத்தைவிட நாளுக்கு 350 கலோரி கூடுதலாகப் போதும். இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கணக்கு முடிந்தது. டப்பா டப்பாவாகப் புரதப் பவுடர் வாங்குவதும் வீண். கர்ப்பிணிகளுக்கு அதிகப் புரதச் சத்துணவை உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே பரிந்துரைக்கவில்லை. குழந்தை சிவப்பாகப் பிறக்க குங்குமப்பூ வாங்குகிறார்களே, அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்து எரிச்சல்பட்டது தனிக்கதை.

அப்புறம், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது. டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளிவிடுங்கள்.

இதையெல்லாம் அன்று அங்கன்வாடி டீச்சர் படம் காட்டி நன்றாகவே விளக்கினார், கர்ப்பிணிகளுக்கு மட்டும். வீட்டில் கரண்டி பிடிக்கும் மாமியார்கள் வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் உள்ளே கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். “முட்டை சூடு இல்லையா?” என்று முதல் கேள்வி வரும், எனக்குத் தெரியும்.