சோபா ஒப்பந்தம்: உட்காரும் சோபா இல்லை

2019ஆம் ஆண்டு இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் ‘சோபா’ என்ற சொல் அடிக்கடி அடிபட்டது. வரவேற்பறையில் கிடக்கும் சோபாவுக்கும் இதற்கும் எழுத்து மட்டுமே ஒற்றுமை. அயல்நாட்டுப் படையினர் தொடர்பாக அமெரிக்காவுடன் பேச்சில் இருந்த ‘ஸ்டேட்டஸ் ஆஃப் ஃபோர்சஸ் அக்ரிமென்ட்’டின் முதலெழுத்துச் சுருக்கம் அது. அமெரிக்கப் படைத்தளம் வரப்போகிறது என்று அச்சம் பரவியது. நாட்டுக்குப் பாதகமான எதையும் அனுமதிக்கமாட்டேன் என்றார் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. இதே வகை ஏற்பாடு ஒன்றை 1995இலேயே இரு நாடுகளும் தூதரகக் குறிப்புகள் வழியாகச் செய்துகொண்டிருந்தன. அந்தக் கூச்சலில் இது பலர் காதில் விழவில்லை.

குழப்பத்தின் வேர் ‘ஸ்டேட்டஸ்’ என்ற சொல்லில் இருக்கிறது. நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வினையடியில் பிறந்தது அது. நம் ‘நில்’லிலிருந்து ‘நிலை’ வந்ததும் அதே வழிதான். ஆகவே ‘படைநிலை ஒப்பந்தம்’ என்று பெயர்த்தால் சொல்லுக்குச் சொல் சரி, பொருள்தான் கெட்டுவிடும். படை வந்து நிலைகொள்வதற்கான ஒப்பந்தம் என்றே படிப்பவர் நினைப்பார். அப்படிப்பட்டதற்குப் பெயர் தள ஒப்பந்தம், அது வேறு. 1947இல் இலங்கை பிரிட்டனுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கை அந்த இனம்; திருகோணமலையும் கட்டுநாயக்கவும் 1957 வரை பிரிட்டிஷார் கையில் இருந்தன. சோபாவில் ‘நிலை’ என்பது சட்டத்தின் முன் ஒருவருக்குள்ள நிலை. வெளிநாட்டுச் சிப்பாய் குற்றம் செய்தால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும், அதுவரை அவர் யார் காவலில் இருப்பார், சுங்கவரி உண்டா இல்லையா: பேச்சுவார்த்தை மேசையில் இழுபறி இவற்றில்தான். ஜப்பானில் உள்ளதுபோல இடமும் சட்டநிலையும் ஒரே ஆவணத்தில் சேர்ந்து வருவதும் உண்டு. அதனால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

நேட்டோ இராணுவக் கூட்டணி நாடுகள் 1951இல் தங்களுக்குள் கையெழுத்திட்ட சோபா ஒரு வாய்ப்பாட்டைத் தந்தது. பணியின்போது செய்த குற்றம் என்றால் அனுப்பிய நாட்டுக்கு முன்னுரிமை. மற்றவை பெரும்பாலும் உள்ளூர் நீதிமன்றத்துக்கு. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ‘பணி’ எது? 1957 ஜனவரியில் ஜப்பானின் சோமகஹாரா பயிற்சிக் களத்தில், பழைய இரும்புக்கடையில் விற்பதற்காக வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் ஒரு பெண். ஜிரார்டு என்ற அமெரிக்கச் சிப்பாய், குண்டு வீசும் கருவியில் வெற்றுக் கூடு ஒன்றைப் போட்டுச் சுட்டார். அது பாய்ந்து அந்தப் பெண் இறந்தார். இது பணியா? முதலில் ஆம் என்று வாதிட்ட அமெரிக்கா பிறகு விட்டுக்கொடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், ஜப்பானிலேயே விசாரணை நடந்தது. தண்டனை மூன்றாண்டு, அதையும் நிறுத்திவைத்தார்கள்.

1995 செப்டம்பரில் ஒகினாவாவில் பள்ளிச் சிறுமி ஒருத்தி மூன்று அமெரிக்கப் படையினரின் வன்கொடுமைக்கு ஆளானாள். குற்றச்சாட்டு பதிவாகும்வரை அவர்களைத் தன் காவலில் எடுக்க ஜப்பானியப் போலீசுக்கு வழியில்லை. ஜப்பான்–அமெரிக்க சோபாவின் பதினேழாம் சரத்து அப்படி. ஒகினாவா கொதித்தது. கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் முன்கூட்டியே ஒப்படைப்பதை ‘பரிவோடு பரிசீலிக்கிறோம்’ என்று அமெரிக்கா அதற்கடுத்த மாதம் இறங்கிவந்தது. பரிசீலிப்பார்களாம், கடமை என்று எழுதவில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘அயற்படையினர் சட்டநிலை உடன்படிக்கை’ என்பேன். ‘படை’யைவிடப் ‘படையினர்’ பொருத்தம். கூண்டில் ஏறுபவர் ஆள்தானே. அரசுகளுக்கு இடையில் என்பதால் ‘ஒப்பந்தம்’ என்பதைவிட ‘உடன்படிக்கை’ தேவலாம். தலைப்பில் இடம் போதாதென்றால் ‘சட்டநிலை உடன்படிக்கை’ என்று சுருக்கலாம். ஜப்பானியர்கூட அப்படித்தான் இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். அயற்படை வந்து தங்கும் நாட்டை ‘விருந்தோம்பும் நாடு’ என்று சில மொழிபெயர்ப்பாளர்கள் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. நேட்டோ ஆவணத்தில் விருந்தும் இல்லை, ஓம்பலும் இல்லை. ‘அனுப்பும் நாடு’, ‘பெறும் நாடு’ என்றுதான் இருக்கிறது. நானாக இருந்தால் ‘இடங்கொடுத்த நாடு’ என்று எழுதுவேன். மடத்தைப் பற்றிய பழமொழி வாசகருக்குத் தானாகவே நினைவுக்கு வரும்.