டார்ட்டிங்: கேக்கை வெட்டுவதல்ல, வகிர்வது

கேக் வகுப்புக்குப் போனவர்களும் அமெரிக்க பேக்கர்களின் வீடியோ பார்ப்பவர்களும் 'டார்ட்டிங்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். சுட்டு நன்றாக ஆறிய கேக்கில் கத்தியைப் படுக்கையாக ஓட்டி, இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகளாகப் பிரிப்பதுதான் அது. 2 அங்குல உயர கேக் என்றால் 1 அங்குலத்தில் இரண்டு அடுக்கு கிடைக்கும். மேலே புடைத்திருப்பதைச் சீவித் தட்டையாக்குவது வேறு வேலை, அதற்குப் பெயர் லெவலிங்.

சொல்லின் மூலம் ஜெர்மன் மொழியின் 'டோர்ட்டே'. அங்கே அது வினை அல்ல, பெயர்ச்சொல். சாதாரண கேக் 'கூகன்', அடுக்கி நடுவில் க்ரீமோ ஜாமோ வைத்தால் டோர்ட்டே. அதற்கும் முன்னால் இத்தாலியத்திலும் பிற்கால லத்தீனிலும் 'டோர்ட்டா' இருக்கிறது, லத்தீனில் வட்டமான ரொட்டி என்று பொருள். மெக்ஸிகோவின் தட்டை ரொட்டியான டார்ட்டியாகூட இந்தக் குடும்பம்தான். ஆங்கிலம் பேசும் பேக்கர்கள் அந்தப் பெயரை வினையாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் எல்லா டோர்ட்டேயும் இப்படிப் பிரித்துச் செய்ததல்ல. 1885-இல் புடாபெஸ்ட் கண்காட்சியில் ஹங்கேரி நாட்டு கேக் கலைஞர் யோஷெஃப் டோபோஷ் அறிமுகப்படுத்திய டோபோஷ் டோர்ட்டேயில் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகச் சுடப்படுகிறது. வியன்னாவின் சாக்லேட் கேக்கான சாஹர் டோர்ட்டே விஷயத்திலோ 'அசல்' எது என்று சாஹர் ஹோட்டலும் டெமல் கடையும் பல வருஷம் வழக்காடி 1963-இல்தான் சமாதானமானார்கள். சாஹர் ஹோட்டல் கேக்கை நடுவில் பிரித்து ஆப்ரிகாட் ஜாம் வைக்கும், டெமலில் ஜாம் மேலே சாக்லேட் பூச்சுக்கு அடியில் மட்டும்தான்.

சரி, தமிழில்? 'வெட்டுதல்' போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேக் வெட்டினோம் என்றால் பிறந்தநாள்தான் நினைவுக்கு வரும், அடுக்கு வராது. 'வகிர்தல்' என்று நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது, ஒன்றை ஒழுங்காக இரு முகமாகப் பிளப்பது. மாவடுவை வகிர்ந்தது போன்ற கண் என்று பக்திப் பாடல்களில் வரும், தலைமுடியில் எடுக்கும் வகிடும் இதன் உறவுதான். "கேக்கை இரண்டாக வகிர்ந்து" என்று சமையல் குறிப்பில் எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

அடுக்குகளுக்கு நடுவில் வைக்கும் ஃபில்லிங்குக்குப் புதுச் சொல்லே தேவையில்லை, கொழுக்கட்டைக்கு வைக்கிறோமே, பூரணம், அதுதான். ஜாம் மாதிரி இளகிய பூரணம் பக்கவாட்டில் பிதுங்காமலிருக்க அடுக்கின் ஓரத்தில் கெட்டியான பட்டர்க்ரீமை வளையமாகப் பிழிவார்கள், பேக்கர்கள் அதை டேம் என்கிறார்கள். நான் 'வரப்பு' என்பேன், வயலில் தண்ணீரை நிறுத்துகிற அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பூரணம் வரப்பின் உயரத்தைத் தாண்டக்கூடாது.

அப்புறம் ஒன்று, வகிர்வதற்கு முன் கேக்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கத்தியால் லேசாக ஒரு கீறல் போட்டுவையுங்கள். கத்தி கொஞ்சம் கோணலாகப் போயிருந்தாலும், திரும்ப அடுக்கும்போது கீறலைக் கீறலோடு பொருத்தினால் கேக் சாயாது.