மெழுகுப்புழு வளர்வது காலிப் பெட்டியில்தான்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் தேனீக்களுக்குப் பூந்தேன், மகரந்த வரத்து குறைந்துவிடும். பண்ருட்டி முந்திரி பூக்கத் தை பிறக்க வேண்டும். அதற்குள் கூட்டம் சுருங்கும். தேனீ ஏறாத அடைகளில், அதாவது மெழுகுக் கூடுகளில், மெழுகுப்புழு குடியேறும். இது ஒருவகை அந்துப்பூச்சியின் புழு. புழு வந்ததால்தான் தேனீ ஓடிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் கூட்டம் முதலில் நலிந்திருக்கும், புழு பிறகுதான் வந்திருக்கும்.

பத்து நாளைக்கு ஒருமுறை, வெயில் ஏறிய காலையில் பெட்டியைத் திறந்தால் போதும். தூறலில் வேண்டாம். முதலில் அடிப்பலகையைப் பாருங்கள். நம்மூர் இந்தியத் தேனீ பழைய அடையைக் கடித்துக் கொட்டும் பழக்கமுடையது. அந்தத் தூளிலேயே புழு வளரும். சுரண்டியதைப் பெட்டிக்கு அடியில் தட்டாமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அடை கட்ட ஏழு மரச்சட்டங்கள் உள்ள நியூட்டன் வகைத் தேனீப் பெட்டியில் நான்கில் மட்டும் தேனீ இருந்தால், மற்ற மூன்றையும் எடுத்துவிடலாம். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகைச் சாயங்காலம், சிந்தாமல், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். எறும்பு ஏறாமல் பெட்டித் தாங்கியின் கால்களுக்கு வைத்த நீர்க்கிண்ணத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் கொசுவும் முட்டையிடாது. டெங்கு நேரத்தில் வீடு வீடாகப் பார்க்க வருபவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டுமே!

எடுத்த சட்டங்களை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தேனீக் குஞ்சுகள் வளர்ந்து கறுத்த அடையில் பழைய கூட்டுத்தோலும் மகரந்தமும் இருக்கும். மெழுகுப்புழுவுக்கு அதுதான் தீனி, வெறும் வெள்ளை மெழுகு அல்ல. ஆகவே கறுத்ததை உருக்கிவிடுங்கள், வெளிர் நிறத் தேன் அடைகளை மட்டும் சேமியுங்கள். பாலித்தீன் பையில் சுற்றி, ஃபிரீசரில் இரண்டு நாள் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். பையின் மேல் வேர்த்த நீர் காய்ந்தபின், அப்படியே காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் கடலோர ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஃபிரீசர் இல்லாதவர்கள் வெளிச்சமும் காற்றும் உள்ள தாழ்வாரத்தில் விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம். அந்துப்பூச்சிக்குப் பிடித்தது இருட்டு. கந்தகப் புகை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். தேன் உள்ள அடைக்கு அதுவும் கூடாது. அந்துருண்டை வேண்டவே வேண்டாம்: மெழுகு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு தேனில் இறங்கும். நெல் மூட்டைக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் பிரித்தால் ஆளையே கொல்லும்.

காலிப் பெட்டியின் மூலைகளில் வெள்ளை நூற்கூடுகளும், புழு மரத்தைக் குடைந்த பள்ளங்களும் தெரியும். உளியால் சுரண்டி, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்ட பிறகே அடுக்குங்கள்.